இடது சக்கரம்

இடது சக்கரம் டீக்கடையிலேயே நின்றுவிட்டது. வலது சக்கரம் வந்து சேர்ந்திருந்தது. மடக்கிய சக்கர நாற்காலி, மெத்தை, கால் வைக்கும் தகடு எல்லாம் வந்திருந்தன. டிரைவர் கருணாகரன் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தான், பின் சீட்டில் பார்த்தான், சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான், சாவிக்கொத்தைத் தேடுகிற மாதிரி. "இல்ல அண்ணாச்சி" என்றான். இல்லை என்பது வெயிலுமுத்துவுக்கு அவன் தேட ஆரம்பித்தபோதே தெரியும். மணி மூன்று. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் அக்காவை எடுத்துவிடுவார்கள். தெருமுனையிலிருந்து அக்கா வீடு நூற்றிருபது தப்படி. தெருவை அடைத்துப் பந்தல், கார் போகாது. மடியில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் பிறந்த வீட்டுக் கோடி. உடன்பிறந்தவன் கையால் போர்த்தினால்தான் அது கோடி. வேறு யார் போட்டாலும் வெறும் துணி. அக்கா பூரணத்தோடு பிறந்தவர்களில் மிச்சம் இருப்பது அவர் ஒருத்தர்தான்.

கருணாகரன் மோட்டார் சைக்கிளில் போய்விட்டான். அக்காவின் இளைய மகன் சுடலைமணியின் வண்டி அது. காரை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றுதான் டிரைவர் முதலில் சொன்னான், அப்புறம் என்னை எங்கேடா இறக்கி வைப்பாய் என்று இவர் கேட்டதும் மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கிக்கொண்டான். சாத்தூருக்கு அந்தப் பக்கம் டீக்கடை, இருபத்தேழு கிலோமீட்டர், போக அரை மணி, வர அரை மணி, நாலு பத்துக்கு வந்துவிடலாம், வழியில் ஒன்றும் ஆகாமல் இருந்தால். ஒன்றும் ஆகாமல் எது இருந்திருக்கிறது. ஏசி இல்லை, கண்ணாடியை இறக்கியாகிவிட்டது, வருவது காற்றா அனலா தெரியவில்லை, கொட்டுச் சத்தம் மட்டும் தடையில்லாமல் வருகிறது. நெஞ்சுக்கு மேலே வியர்க்கிறது. இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தகவல் வருவதில்லை, பதினோரு வருஷமாக. மாடிப்படியில் ஈரம், ஒரே ஒரு படி, முப்பத்து நாலு வருஷம் ரோடு ரோலர் ஓட்டி ஒரு கீறல் படாத உடம்பு, சொந்த வீட்டு ஏழாவது படியில் முடிந்தது. எத்தனை மைல் ரோட்டை மட்டம் பண்ணியிருப்பார். சாத்தூர் ரோட்டில் கூட ஒரு துண்டு அவர் உருட்டியதுதான். இப்போது அரை அங்குலம் நிலைப்படி இருந்தால் போதும், முன்னால் இருக்கிற குட்டிச் சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும். காலையில் கோடி எடுக்கப் போனபோதும் அதுதான், கடைக்கு நாலு படி. கடைப் பெண் புடவைகளை எடுத்துவந்து கார் பானெட்டில் விரித்துக் காட்டினாள், வழியில் போனவன் வந்தவனெல்லாம் நின்று பார்த்தான். "என்ன விசேஷம் சார்?" என்றாள். "சாவு" என்றார். வெள்ளையில் ஒன்றும் சந்தனத்தில் ஒன்றும் எடுத்து நீட்டினாள். கிளிப்பச்சையை எடுத்தார். புருஷன் போனபின் அக்கா முப்பது வருஷம் வெளிறிய சேலையாகக் கட்டிவிட்டாள், போகும்போதாவது பச்சையில் போகட்டும், ஊர் என்ன சொன்னால் என்ன.

நல்ல டிரைவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சென்னையிலிருந்து மகள்தான் போனில் பிடித்துக் கொடுத்தாள், அப்பா, இவரு நாற்காலியெல்லாம் மடிக்கத் தெரிஞ்சவரு, நான் ரயிலைப் பிடிச்சு ராத்திரிக்குள்ள வந்துடுறேன் என்று. மடிக்கத் தெரிந்தவனுக்கு எண்ணத் தெரியவில்லை. சக்கரம் ரெண்டு. ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா ஒருத்தனுக்கு? அதுவும் டிக்கியில் பாதியைக் கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கிற வண்டி. டிக்கி முழுசாகக் காலியாக இருக்கிற வண்டி வந்திருந்தால் சக்கரத்தைக் கழற்றியே இருக்க வேண்டாம். சிலிண்டர்தான் காரணம். இல்லை, அந்த டீக்கடைக்காரி. அவள் பார்த்துக்கொண்டுதானே நின்றாள், ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். இல்லை, சுடலைமணி. சரியாக அந்த நேரம் பார்த்துப் போன் பண்ணினான். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது, நிலைப்படியில் குட்டிச் சக்கரம் மாதிரி. பின்னால் இழுத்து வேறு பக்கம் திருப்பினார்.

யாரோ குனிந்து காருக்குள் பார்த்தார். வழுக்கை, வெற்றிலை வாய். "வெயிலுமுத்து அண்ணனா? ஏன் வண்டிக்குள்ளயே உக்காந்திருக்கீக? எறங்குங்க, அங்க உங்களத்தான் தேடுதாக."

"எறங்குதேன். நீ போ."

"வெக்கையா இருக்குல்ல?"

"நீ போய்யா."

போனார். போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். மாலை ஒன்று வேனில் வந்து இறங்கியது, அதைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேர் நூற்றிருபது தப்படியை ஒரு நிமிஷத்தில் நடந்தார்கள். மாலைக்கு இருக்கிற யோகம். மணி மூன்று இருபது. தொண்டை வறண்டிருந்தது, ஆனால் வழக்கமான வறட்சி இல்லை. பிரயாணம் என்றால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார், உதட்டை நனைப்பதோடு சரி. குடித்தால் காலில் கட்டிய மூத்திரப் பை நிறையும், நிறைந்தால் கொட்ட இடம் வேண்டும், எந்த ஓட்டலில் போய்க் கேட்டாலும் பின்னாடி இருக்கு சார் என்பான், பின்னாடி மூன்று படி ஏறினால் ஒன்றே முக்கால் அடிக் கதவு இருக்கும். இன்றைக்கு மதியம் மட்டும் குடித்துவிட்டார். ரெண்டு டம்ளர். அந்த டீக்கடைக்காரி கொடுத்தது. கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கக்கூஸ், கதவு அகலம், வாசலுக்குச் சிமெண்ட்டில் சரிவு, சரிவின் குறுக்கே தென்னங்குச்சியால் கோடு கோடாக இழுத்துவிட்டிருந்தது, சக்கரம் வழுக்காமல். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது கொத்தனார் புத்தி இல்லை, உட்கார்ந்து போனவன் புத்தி. "எங்க வீட்டுக்காரரு ஒம்பது வருசம் சக்கரத்துல இருந்தாரு, அண்ணாச்சி. நாலு வருசமாச்சு போயி. இடிச்சுப்போட மனசு வரல." அவர், ம் என்றார். பையைக் கொட்டும்போது வாசலில் நின்றாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்க? அங்கிட்டுத் திரும்பு" என்று அதட்டினார். திரும்பிக்கொண்டாள், போகவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு கதவுக்கு ஆள் வராமல் மறித்து நின்றாள். வெளியே வந்ததும் ஒரு செம்பும் டம்ளரும். "குடிங்க. இங்கதான் போறதுக்கு எடம் இருக்குல்ல." அவர் ஏன் குடிப்பதில்லை என்று பெற்ற மகளுக்கே சொன்னதில்லை. குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. இப்போது அந்த ரெண்டு டம்ளரும் இறங்கிக்கொண்டிருக்கும். கையை விட்டுப் பையைத் தடவிப் பார்த்தார். பாதி.

சுடலைமணி வேகமாக வந்தான். ஐம்பது வயது ஆள், கண்ணெல்லாம் வீங்கி, தோளில் துண்டு. "மாமா, குளிப்பாட்டியாச்சு. சம்பந்தக்காரக கோடியெல்லாம் போட்டாச்சு. நம்ம கோடிதான் பாக்கி. ஒண்ணு செய்வோம், பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேரு தூக்கிருதோம். ரெண்டு நிமிசம்."

"வேண்டாம்."

"மாமா, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக."

"வேண்டாங்கிறேன்ல. சக்கரம் வருது."

பிளாஸ்டிக் சேர். அந்த வார்த்தையைக் கேட்டதும் கொட்டுச் சத்தம் ஒரு கணம் நின்றுபோன மாதிரி இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே தெரு, இதே மாதிரிப் பந்தல், அன்றைக்கு மேளம், இவன் தங்கச்சி மகள் சடங்கு. வாசலில் மூன்று படி. மாமாவைத் தூக்குங்கலே என்று நாலு பேர், சிரித்துக்கொண்டே, சிவப்புப் பிளாஸ்டிக் சேரில், இடுப்புக்கு ஒருத்தன் தோளுக்கு ஒருத்தன், ரெண்டாவது படியில் சேர்க்கால் மடங்கியது. விழுந்தது பெரிசில்லை. கீழே வலியே தெரியாது. பை பிய்ந்துகொண்டது. வேட்டி எங்கேயோ கிடந்தது. ஊரே பார்க்கப் பந்தல் நடுவில், தாம்பாளங்களுக்கு மத்தியில், எல்லோரும் சுற்றி நின்று அய்யோ அய்யோ என்றார்கள், ஒருத்தனும் குனியவில்லை. பூரணம்தான் வந்தாள். எழுபது வயது, ஓடி வந்தாள். முந்தானையை உருவி அவர் மேல் போட்டாள், அவள் ரவிக்கையோடு நின்றாள் ஊருக்கு முன்னால். "என்னலே வேடிக்கை? போங்கலே எல்லாரும்!" அந்தக் குரல். அப்புறம் அவர் காதோரம் மெதுவாக, "முத்து, இனிமே என் வீட்டுக்கு வந்தா உன் சக்கரத்துல வா. எவனும் தூக்க வேண்டாம். நான் படிய இடிச்சுருதேன்." இடித்தாள். சொன்ன மறு வாரமே கொத்தனாரை நிறுத்திவைத்துவிட்டுப் போன் பண்ணினாள். "ஏலே, எவ்வளவு சரிவு வைக்கணும்? ரோடு போட்டவன்தான நீ, சொல்லு." அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்றார். "ஒன்றரை அடி இருக்குதே, அப்ப பதினெட்டு அடியா? தெருவே போயிருமடா" என்று சிரித்தாள். சுவரை ஒட்டித் திருப்பிக் கட்டினாள். பக்கத்து வீட்டுக்காரன் வந்து சண்டை போட்டான், அவனோடு ரெண்டு வருஷம் பேச்சு இல்லை. "கட்டியாச்சு, வா" என்றாள். வருகிறேன் என்றார். பொங்கலுக்கு வா என்றாள், மழை என்றார். சித்திரைக்கு வா என்றாள், வெயில் என்றார். புண் என்றார், வண்டி கிடைக்கவில்லை என்றார். எட்டு வருஷம். அந்தப் பந்தல் நடுவில் கிடந்த ஆள் எழுந்திருக்கவே இல்லை, அதுதான் நிஜம், அதை எப்படிப் போனில் சொல்வது. போன மாசம் கூடக் கேட்டாள். "ஏலே, உனக்குன்னு கட்டுனதுல எல்லாப் பயலும் பைக்கை ஏத்தி எறக்குதான். நீ எப்ப ஏறுவ?" வருகிறேன் என்றார். வந்துவிட்டார். நூற்றிருபது தப்படி தள்ளி வந்து உட்கார்ந்திருக்கிறார்.

மணி மூன்று நாற்பத்தைந்து. போன் அடித்தது. கருணாகரன். பின்னால் லாரிச் சத்தம். "அண்ணாச்சி, கடை பூட்டிக் கெடக்கு."

"என்னது?"

"பூட்டிட்டாக அண்ணாச்சி. அந்தம்மா இல்ல. சுத்திச் சுத்திப் பாத்துட்டேன், சக்கரத்தையும் காணோம். பக்கத்துல பஞ்சர் கடைக்காரரு, அது அப்பவே போயிருச்சேங்காரு. எங்கன்னு தெரியலயாம்."

 "அண்ணாச்சி?" என்றான். "அண்ணாச்சி, நான் அப்பவே சொல்ல வந்தேன்." இவர் போனை அணைத்தார். நான் அப்பவே சொல்ல வந்தேன். இப்போது சுற்றிப் போக வழியில்லை. நினைப்பு நிலைப்படி ஏறிவிட்டது. டீக்கடை வாசல், அவர் கார் சீட்டுக்கு மாறியாகிவிட்டது, கால் ரெண்டும் இன்னும் வெளியே தொங்குகின்றன. சக்கரத்தை யாரும் தொடக் கூடாது, அதுதான் அவர் சட்டம், ஒரு தடவை ஒருத்தன் முறுக்கி இழுத்து அச்சுப் பின் வளைந்து மாசக்கணக்கில் படுக்கையில் கிடந்ததிலிருந்து. நடுவில் பித்தானை அமுக்கி அவரே உருவுவார். வலதை உருவிக் கருணாகரனிடம் கொடுத்தார். இடதை உருவினார், பின்னில் மண், துடைக்கத் துணி வேண்டும், சக்கரத்தைப் பெஞ்சுக்குச் சாய்த்து வைத்தார். கருணாகரன் குனிந்து கையை நீட்டினான். "தொடாத! பின்னு வளைஞ்சா உங்கப்பனா வந்து நிமித்துவான்? நான் சொன்னப்புறம் எடு." கையை இழுத்துக்கொண்டான். போன் அடித்தது, சுடலைமணி, மாமா நாலரைக்கு ராகு காலம், அதுக்கு முன்னாலயே எடுத்துருவோம், எங்க வாறீக. காலை அள்ளி உள்ளே போட்டார், கதவைச் சாத்தினார். "எடு வண்டிய." "அண்ணாச்சி, அந்த..." என்றான். "எடுங்கிறேன்ல!" அவ்வளவுதான். சிலிண்டர் இல்லை, டீக்கடைக்காரி இல்லை. இரும்பு விலைக்கு எவனாவது தூக்கிக்கொண்டு போயிருப்பான். அவன் மேலும் தப்பில்லை. அவர்தான். எட்டு வருஷம் அக்கா வீட்டுக்கு அவரை வரவிடாமல் தடுத்த அதே வாய். வாயா, வீம்பா, என்ன எழவோ. பையைத் தடவினார். முக்கால்.

நாலு மணி. கொட்டு மாறியது. அடி நெருங்கி நெருங்கி விழுந்தது. பாடையைச் சோடிக்கிறார்கள். சுடலைமணி ஓடி வந்தான், பின்னால் நாலு பேர், ஒருத்தன் கையில் சேர். இதுவும் சிவப்பு. உலகத்தில் வேறு நிறத்தில் செய்யவே மாட்டானா. "மாமா, போதும் மாமா. பெரியாளுக சத்தம் போடுதாக. இல்லன்னா கோடிய என்கிட்டயாவது குடுங்க."

"நீ மகன். நீ போட்டா அது பொறந்த வீட்டுக் கோடியாலே?"

"அப்ப தூக்கவிடுங்க! எங்கம்மா கெடக்கா மாமா அங்க!" அழுதுவிட்டான்.

அவர் ஜவுளிக்கடைப் பைக்குள்ளிருந்து புடவையை எடுத்தார். கழுத்தைச் சுற்றி ரெண்டு மடிப்பாகப் போட்டு முனைகளை நெஞ்சில் முடிந்தார். கதவைத் தள்ளினார். "தள்ளுங்கலே." காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார், ஒன்று, அப்புறம் இன்னொன்று. இடது கை கார் வாசலில், வலது கை முஷ்டியாக மண்ணில். உடம்பை இறக்கினார். பாதி வழியில் தோள் விட்டுவிட்டது, தொப்பென்று விழுந்தார். நாலு பேரும் பாய்ந்தார்கள். "தொட்டீக, கொன்னுருவேன்." சீட்டிலிருந்து பார்த்த தெரு வேறு, தரையிலிருந்து பார்க்கிற தெரு வேறு. ஜல்லி, உதிர்ந்த பூ, வெற்றிலைத் துப்பல். நூற்றிருபது தப்படி. கையை முன்னால் ஊன்று, இடுப்பை இழு. கால் பின்னால் சாக்கு மூட்டை மாதிரி வரும். வேட்டி நழுவும், நழுவட்டும். பை பிய்யும், பிய்யட்டும். உயரத்தில் போகிறவன் விழுவான், தரையில் போகிறவன் எங்கே விழ. ஊன்றினார், இழுத்தார். ஊன்றினார், இழுத்தார். ஒரு கஜம் வந்திருக்கும். ரோலர் மணிக்கு மூன்று மைல், அதைப் பார்த்தே சிரிப்பார்கள். உள்ளங்கையில் ஜல்லி ஏறியது. கையில் வலி தெரிந்தது, நல்லவேளை, எங்கேயாவது தெரிகிறதே. மூச்சு பிடிக்கவில்லை. அக்கா, கொஞ்சம் இரு. பச்சை எடுத்திருக்கேன். கொஞ்சம் இரு. இன்னும் ரெண்டு தடவை இழுத்துவிட்டு நிமிர்ந்தார். பந்தல் அதே இடத்தில் இருந்தது. முடியாது. கணக்குத் தெரிந்த ஆள் அவர். இந்த வேகத்துக்கு ஆறு மணி ஆகும். நெற்றி மண்ணில் பட்டது. படட்டும் என்று கிடந்தார்.

முகத்துக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு வந்து நின்றது. வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சக்கரம், அச்சுப் பின் வெளியே நீட்டிக்கொண்டு, மண் துடைத்துச் சுத்தமாக.

"பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டான் அண்ணாச்சி, மொதல் வண்டிக்காரன்" என்றாள் டீக்கடைக்காரி, மூச்சு வாங்க. "ரெண்டாவது வண்டில மடியில வச்சுக்கிடுதேன்னு சண்டை போட்டு ஏறுனேன். கண்டக்டரு கையில குடுத்துவிடலாம்னுதான் பாத்தேன், பின்னை வளைச்சுருவானேன்னு நானே கொண்டாந்தேன். டிரைவர் தம்பி டீ குடிக்கையில ஊர் பேரு சொல்லிருந்தாரு, நாலரைக்குள்ள போகணும்னும் சொன்னாரு."

அவள் அய்யோ என்று சொல்லவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்கும் தெருவுக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றாள், கக்கூஸ் வாசலில் நின்ற மாதிரியே. அவர் வேட்டியை இழுத்துக் கட்டினார், பையைச் சரி பண்ணினார். பிய்யவில்லை. அதற்குள் சுடலைமணியை அதட்டி நாற்காலியை எடுத்துவர வைத்தாள். வலது சக்கரத்தை மாட்டிவிட்டு இடதையும் அவளே மாட்டினாள். டக். சத்தம் வந்தபிறகு ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அந்த இழுப்பை அவர் கவனித்தார். தெரிந்தவள்தான். பிறகு அவர் பக்கத்தில் ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். "மொதல்ல என் தொடை மேல ஏறுங்க. அப்புறம் சீட்டு. எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் ஏறுவாரு." ஆள் தொட்டால் கொல்லுவேன் என்றவர் அவள் தோளைப் பிடித்தார். ஏறினார்.

சுடலைமணி பின்னால் கைப்பிடியைப் பிடித்தான். "கைய எடுலே." எடுத்தான். ஜல்லி ஏறிய உள்ளங்கையோடு உருட்டினார், வளையத்தில் ரத்தம் ஒட்டியது. பந்தலுக்குள் கூட்டம் ரெண்டாகப் பிரிந்தது. கொட்டு நின்றது. சுவரை ஒட்டிச் சரிவு இருந்தது. எட்டு வருஷமாகப் போனில் கேட்டது, இப்போதுதான் பார்க்கிறார். பைக் டயர் தடம். ஓரத்தில் அக்கா விளிம்பு கட்டியிருந்தாள், சக்கரம் தாண்டாமல். கண்ணாலேயே அளந்தார். பதினெட்டு அடி. ஒரு அங்குலம் ஏமாற்றவில்லை. ஏறினார். பாதியில் நின்றார், ஒருத்தரும் கிட்டே வரவில்லை, மறுபடி தள்ளினார். மேலே அக்கா, தலைமாட்டில் விளக்கோடு கிடந்தாள், சின்ன உடம்பாக. கழுத்திலிருந்து முடிச்சை அவிழ்த்தார். புடவையில் தெரு மண் ஒட்டியிருந்தது, தட்டினார், போகவில்லை. தோளிலிருந்து கால் வரைக்கும் பச்சையைப் போர்த்தினார். "ஏறிட்டேன்" என்றார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "அய்யா, அந்தக் கீழ நிக்குதே, அது யாரு? உன்னக் கூட்டியாந்த பொம்பள?"

அவருக்குத் தெரியவில்லை. நாற்காலியைத் திருப்பினார். சரிவின் அடியில் நின்றுகொண்டு செருப்பு ஊக்கைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா" என்றார்.  "உம் பேரென்ன?"

சொன்னாள். அவர் மறுபடி திரும்பி, பச்சைப் புடவையின் ஓரத்தை நேர்பண்ணிக்கொண்டே, அக்காவின் காதோரம் குனிந்து சொன்னார்.

"அன்னபுஷ்பம்."